பதினோரு செகண்ட்

எங்கள் பகுதிக் கண்ணாடிக்கடைக்காரர் பொறாமைக்காரர். நான் புறம் பேசுவதாக நினைக்க வேண்டாம், அவரே ஒத்துக்கொள்வார். எதிரே இருக்கும் மருந்துக்கடைக்கு ஏசி வந்தபோது மூன்று நாள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் நடந்தார். அவருடைய மைத்துனருக்கு ஐம்பத்தைந்து வயதிலும் ஒரு முடி கொட்டவில்லை. அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாகவே இன்றுவரை நினைக்கிறார். பக்கத்து வீட்டு நாய் அவரைப் பார்த்தால் படுத்தபடியே இருக்கிறதாம், அவர் மனைவியைப் பார்த்தால் மட்டும் எழுந்து வாலாட்டுகிறதாம். அதையும் என்னிடம் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார்.

வேலையில் ஆள் சுத்தம். என் கண் மைனஸ் ஏழு. என் ஃப்ரேமைச் சரிசெய்ய அவர் வாங்கிக்கொண்டால் எனக்கு உலகம் முழுவதும் நீராவி. எழுந்து போகவும் முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் அவர் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவார். இந்தக் கதையில் பாதி அப்படிக் கேட்டது. மீதி நானே பார்த்தது.

அவர் கடையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கண் பரிசோதிக்க எழுத்துப் பலகை இருபது அடி தள்ளி இருக்க வேண்டும். அவர் கடையின் உள்ளறை பத்தடிதான். அதனால் பலகையை நோயாளி உட்காரும் நாற்காலிக்கு மேலே, முதுகுப்பக்கச் சுவரில் மாட்டி, எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருக்கிறார். பலகையில் எழுத்தெல்லாம் இடவலம் மாறி அச்சாகியிருக்கும். எதிரே பார்த்தால் நேராகத் தெரியும். பத்தடி போக, பத்தடி வர, இருபதாகிவிடும். சின்னக் கடைகளில் இதுதான் வழக்கம். வாடிக்கையாளர் ஃப்ரேம் போட்டுப் பார்க்கும்போதும் அவர் பின்னால் நின்றுகொண்டு, அதே நிலைக்கண்ணாடியில்தான் முகத்தைப் பார்த்து "கொஞ்சம் அகலம், வேற போடலாம்" என்பார். முப்பது வருஷமாக ஊர் முகங்களையெல்லாம் அவர் இடவலம் மாறித்தான் பார்த்துப் பழகியிருக்கிறார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வருஷாவருஷம் ஒரு திரைப்பட விழா நடத்துகிறோம். விழா என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூடிப்போன ஒரு மரச்சாமான் கடையின் கூடம், வாடகை நாற்காலி எண்பது, வெள்ளைத் துணி ஒன்று. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். பெரிய தியேட்டர்கள் சீண்டாத படங்கள்தான் எங்களுக்கு. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரே ஆளை வைத்து இரண்டு மணி நேரம் எடுத்த படம், மனிதரைத் தின்னும் குளிர்சாதனப் பெட்டியின் படம், இப்படி. இவற்றுக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் குளிர்சாதனப் பெட்டி திறக்கும்போதெல்லாம் கூடமே சேர்ந்து உறுமும். வெளியாள் பார்த்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றுதான் நினைப்பான்.

எங்கள் விழாவின் மகுடம் 'திருப்பிக் கொடுக்க ஒரு குடை'. முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருக்களிலேயே, கடன் வாங்கிய கேமராவில் எடுத்த படம். தியேட்டரில் நாலே நாள் ஓடியது. பிறகு டேப்பில் பிரதி, பிரதிக்குப் பிரதி என்று கைமாறி, இன்று அதன் வசனம் மொத்தத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கதை இவ்வளவுதான்: ஒருவன் தன்னிடம் தங்கிவிட்ட குடையைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் முழுக்கத் தெருத்தெருவாக அலைகிறான். நாற்பதாவது நிமிடத்தில், அவன் ஒரு தெருமுனையில் நிற்கும்போது, ஒரு பெண் மதிற்சுவரை ஒட்டி நடந்து வருகிறாள். திரைக்கு வெளியே எதையோ பார்த்து நிற்கிறாள். சிரிக்கிறாள். போய்விடுகிறாள். பிறகு படத்தில் அவள் வருவதே இல்லை.

அந்தச் சிரிப்பு சரியாகப் பதினோரு விநாடி. முதலில் உதடு மட்டும், பிறகு கண், பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காமல் தோள் குலுங்கும். ரசிகர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பதினோரு செகண்ட்'. அந்தக் காட்சி வந்ததும் கொண்டுவந்த குடைகளை எல்லாரும் கூடத்துக்குள்ளேயே விரித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினொன்று வரை சத்தமாக எண்ணுவார்கள். அவள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. நடிகர் பட்டியலிலும் பெயர் இல்லை.

இந்த வருஷம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு இந்தப் படம். எங்கள் ப்ரொஜெக்டரில் படம் ஒரு ஓரம் மங்கலாகவே விழுந்தது. கண்ணாடிக்கடைக்காரரைத்தான் கூப்பிட்டேன். வந்தார், ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், ப்ரொஜெக்டருக்கு அடியில் ஒரு மடித்த அட்டையைச் சொருகினார். படம் பளிச்சென்று விழுந்தது. வந்தது வந்தாயிற்று என்று மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் அதற்குமுன் இந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

நாற்பதாவது நிமிடம் வந்தது. குடைகள் விரிந்தன. எண்ண ஆரம்பித்தார்கள். அவருக்கு நாலு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த, எங்கள் தெருப் பட்டறை மெக்கானிக்தான் எல்லாரையும்விடச் சத்தமாக எண்ணினார். பதினொன்று முடிந்ததும் விரலை வாயில் வைத்து ஒரு விசில் வேறு. இவர் எண்ணவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். படத்தின் கூர்மையைத்தான் சோதிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உண்மையில், திரையில் அவர் பார்த்தது தன் மனைவியை.

கல்யாணத்துக்கு நாலு மாதம் முந்தைய மனைவி. உதட்டோரத்தில் அந்த மச்சம். நடக்கும்போது ஒரு தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. அடையாளம் தெரிந்ததில் சந்தோஷப்பட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, "அது என் வீட்டுக்காரி" என்று சொல்லியிருக்கலாம். அவருக்கோ பொறாமை பற்றிக்கொண்டது. ஏனென்றால் முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"சிரிக்கவே மாட்டான்னு சொல்லல தம்பி," என்று என் ஃப்ரேமைச் சூடாக்கிக்கொண்டே சொன்னார். "சிரிப்பா. பொண்ணு பொறந்தப்ப சிரிச்சா. டிவியில சமையல்காரன் கையைச் சுட்டுக்கிட்டா சிரிப்பா. ஆனா இப்படி, வாயைப் பொத்தியும் அடங்காம, தோள் குலுங்கி… இது எனக்கு வரவேயில்ல. இதை யாருக்கோ குடுத்து முடிச்சுட்டு மிச்சத்தை எடுத்துக்கிட்டு வந்திருக்கா."

அன்று வீட்டுக்குப் போனவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா கதவைத் திறந்தபடியே கேட்டார்.

"படம் எப்படிங்க?"

"படமா அது? குடையைத் தூக்கிட்டு அலையறான்." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "ஆமா, அந்த மெக்கானிக்கை உனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா?"

"எந்த மெக்கானிக்?"

"தெருவுக்குப் பத்து மெக்கானிக்கா இருக்கான்?"

"அவரா? தெரியுமே. அத்தை வீட்ல தங்கியிருந்தப்ப என் சைக்கிளுக்கு அவர்தான் பஞ்சர் ஒட்டித் தருவார். ஏன், என்னாச்சு அவருக்கு?"

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கான்," என்றார் இவர். நன்றாக இருப்பதே குற்றம் என்கிற குரல்.

சனிக்கிழமை கடையைத் திறக்கும் முன் அந்த மதிற்சுவருக்குப் போய்விட்டார். சுவர் இன்னும் அப்படியே இருக்கிறது, இரும்புக் கதவு ஒன்றும் பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பமும். கேமரா எங்கே நின்றிருக்கும் என்று எதிர்ச்சாரியில் இடம் பார்த்து, சுவரைப் பார்த்து நின்றார். படத்தில் அவள் பார்த்தது வலது பக்கம். வலது பக்கம் திரும்பினார். நேர்கோட்டில், தெருமுனையில், மெக்கானிக்கின் பட்டறை. முப்பது வருஷமாக அதே இடத்தில் இருக்கும் பட்டறை. அந்தக் காலத்தில் மெக்கானிக்குக்குச் சுருட்டை முடியும் அரும்பு மீசையும் இருந்ததை இவர் நன்றாக நினைவு வைத்திருந்தார். பொறாமைக்காரர்களுக்கு அடுத்தவன் அழகு மறப்பதில்லை.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. படத்தில் விளக்குக் கம்பம் கதவுக்கு வலப்புறம் இருந்தது. இங்கே இடப்புறம் நிற்கிறது. கொஞ்ச நேரம் யோசித்தார். இந்த முப்பது வருஷத்தில் கம்பத்தைப் பிடுங்கி மாற்றி நட்டிருப்பார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். பொறாமை வந்துவிட்டால் மனுஷன் விளக்குக் கம்பத்தையே இடம் மாற்றுவான்.

அன்றைக்கென்று பார்த்து மெக்கானிக் தன் வாசிப்புக் கண்ணாடியை வாங்க வந்தார். இவர் ஒரு வார்த்தை பேசாமல் அதை எடுத்து, காதுக்குப் பின்னால் வளையும் கொம்பு இரண்டையும் சூடாக்கி, வேண்டுமென்றே கூடுதலாக உள்ளே வளைத்துக் கொடுத்தார். முப்பது வருஷத் தொழிலில் அவர் செய்த ஒரே அயோக்கியத்தனம் அதுதான் என்று சத்தியம் செய்கிறார். நான் நம்புகிறேன்.

"அண்ணே, பின்னாடி கடிக்குதே," என்றார் மெக்கானிக், காதைத் தடவியபடி.

"புதுசு அப்படித்தான் கடிக்கும். பழகிக்க."

பதினோரு மணிக்கு நான் போனேன். ஞாயிறு மூன்று மணிக்கு அந்தப் படத்தை மறுபடி போடுகிறோம், முடிந்ததும் ஐந்து மணிக்கு அதை எடுத்த இயக்குநர் அம்மாவே மேடை ஏறுகிறார். அவர் வரும்போது அந்தப் பெண்ணையும் கண்டுபிடித்து மேடையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. இதற்காகப் படத்திலிருந்து அவள் முகத்தைப் பெரிதாக எடுத்து, 'இவர் யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிறு ஐந்து மணிக்கு முதல் வரிசை நாற்காலி இவருக்காகக் காத்திருக்கிறது. இயக்குநர் ஆறு மணி ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்' என்று ஒரு நோட்டீஸ் அடித்திருந்தோம். தெருவிலேயே பெரிய கண்ணாடிக் கதவு இவர் கடைக்குத்தான்.

நோட்டீஸைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் அப்போது கவனிக்கவில்லை.

"குடு. நானே ஒட்டிக்கிறேன்," என்று வாங்கிக்கொண்டார்.

மாலையில் அந்தப் பக்கம் போனபோது கதவு வெறுமையாக இருந்தது.

"அண்ணே, நோட்டீஸ் எங்க?"

"காத்துல விழுந்துடுச்சு."

"உள்பக்கம்தானே ஒட்டச் சொன்னேன்? உள்ள ஏது காத்து?"

"ஃபேன் காத்து," என்றார். ஃபேன் ஓடவில்லை. நோட்டீஸ் அவருடைய மேசை இழுப்பறையில், உடைந்த ஃப்ரேம்களுக்கு அடியில், நாலாக மடிந்து கிடந்தது.

கடைக்காரர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஐம்பது வயது தாண்டிய, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட, மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வரும் அக்காவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்? தினமும் அவர் முகத்தைப் பார்க்கிறவன்தானே நானும்? எனக்கே தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் இழுப்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானமே, அக்கா சாப்பாடு கொண்டுவந்தபோது, அவர் ஒரு பரிசோதனை செய்திருக்கிறார். அந்தச் சிரிப்பை வரவழைக்க முடிகிறதா என்று பார்க்க, எங்கோ கேட்ட ஒரு நகைச்சுவையைச் சொல்லிவிட்டு அக்காவின் முகத்தையே உற்றுப் பார்த்திருக்கிறார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பல்லு வலிக்குதா உங்களுக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

ஞாயிறு. மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் படுக்கையறைக்குள் போனபோது, அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நீல உடை. மகளின் பட்டமளிப்புக்கு வாங்கியது, அதன் பிறகு அலமாரியை விட்டு வெளியே வராதது. இஸ்திரி போட்டு முடித்து நாற்காலி முதுகில் விரித்துப் போட்டார்.

"எங்க கிளம்பற?"

"எங்கயும் இல்ல. மடிப்பு விழுந்து கிடந்துச்சு, போட்டு வைக்கிறேன்." அக்கா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிறுத்தினார். "நீங்க எங்க கிளம்பறீங்க?"

"அந்தப் படத்தை மறுபடி போடறானுங்களாம். ப்ரொஜெக்டர் சரியில்லன்னு கூப்பிடறான்."

நான் கூப்பிடவே இல்லை.

"சரி," என்றார் அக்கா. நாற்காலியில் கிடந்த உடையை ஒரு தடவை நீவிவிட்டார். "வேற ஏதாச்சும் சொல்லணுமா எங்கிட்ட?"

"என்ன சொல்லணும்? கதவைச் சாத்திக்க," என்று கிளம்பிவிட்டார்.

அவர் வந்தது படம் பார்க்க அல்ல, மெக்கானிக்கைப் பார்க்க. அந்தக் காட்சி வரும்போது அவன் முகம் என்ன சொல்கிறது என்று நேரில் பார்த்துவிட வேண்டும். அதற்கென்றே பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். காட்சி வந்தது, எண்ணினார், விசிலடித்தார். "யாரு பெத்த பொண்ணோ, என்னா சிரிப்பு!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதில் ஒரு துளி நடிப்பு இல்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது இவருக்கே புரிந்தது. அதிலும் ஆறுதல் இல்லை. இவ்வளவு பெரிய சிரிப்பை வாங்கிக்கொண்டவன் அதை மறந்தே போய்விட்டான் என்று இப்போது அதற்கும் எரிந்தது.

படம் முடிந்தது. இயக்குநர் அம்மா மேடை ஏறினார். வெட்டிய நரைமுடி, தோளில் துணிப்பை, அலட்டல் இல்லாத மனுஷி. முதல் வரிசையில் நடு நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு குடையை வைத்திருந்தோம். அவர் பேசும்போது இரண்டு தடவை அந்த நாற்காலியைப் பார்த்தார்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து எல்லாருக்கும் இருந்த கேள்வியையே கேட்டார். "அந்தப் பொண்ணு யாரைப் பாத்து மேடம் சிரிக்குது?"

"எனக்கும் தெரியாதுங்க," என்றார். "கேமராவை ஒரு வேனுக்குள்ள மறைச்சு வச்சிருந்தோம். தெருவைச் சும்மா எடுக்கத்தான். நடுவுல அந்தப் பொண்ணு வந்து நின்னு சிரிச்சிட்டுப் போயிட்டா. இறங்கி ஓடித் தேடினோம், காணோம்." கொஞ்சம் தயங்கினார். "இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். படத்துல அவ வலது பக்கம் பாக்கற மாதிரி இருக்கில்ல? நிஜத்துல அவ பாத்தது இடது பக்கம். ஹீரோவைப் பாத்துச் சிரிக்கற மாதிரி வரணும்னு எடிட்டிங்ல ஃபிலிமை அப்படியே புரட்டிப் போட்டு ஒட்டிட்டோம். அந்த ஷாட்டுல போர்டு, எழுத்து எதுவும் இல்ல. அதனால முப்பது வருஷமா யாரும் கண்டுபிடிக்கல."

கூடமே "ஓ" என்றது. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

மச்சம். அக்காவுக்கு மச்சம் வலது உதட்டோரம். படத்தில் இருந்தது இடது உதட்டோரம். தூக்கிக்கொண்டு நடக்கும் தோளும் அப்படியே. இடவலம் மாறிய எழுத்துகளோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவருக்கு, இடவலம் மாறிய பெண்டாட்டி முகம் உறுத்தவேயில்லை. முகம் என்றாலே அவருக்கு நிலைக்கண்ணாடியில் தெரிவதுதான். ஊரில் வேறு யாராக இருந்தாலும் மச்சம் இடம் மாறியதைக் கண்டுபிடித்திருப்பார்கள். இவரால்தான் முடியாது. கம்பம் ஒன்று மட்டும் உண்மையைச் சொன்னது. அதையும் பிடுங்கி நட்டுவிட்டார்.

கூடத்திலிருந்து நேராக அந்தச் சுவருக்கு ஓடினார். நல்ல வெளிச்சம் இருந்தது. எதிர்ச்சாரியில் அதே இடத்தில் நின்றார். இந்தத் தடவை இடது பக்கம் திரும்பினார்.

இப்போது அங்கே மெத்தைக்கடை. ஆனால் கட்டடம் பழையதுதான். முன்னால் அங்கே இருந்தது மருத்துவ ஆய்வகப் பயிற்சிக்கூடம். ரத்தம் பரிசோதிக்கச் சொல்லிக்கொடுக்கிற இடம். வாசலில் ஒரு மரப்பலகை இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை, படிப்பில் சேரத் தேர்வானவர்களின் பெயர்ப் பட்டியலை அதில் ஒட்டுவார்கள்.

"அங்க ஆம்பள யாரும் நிக்கல தம்பி," என்று என்னிடம் சொன்னார். "பலகைதான் நின்னுச்சு. அப்பவும் நான் விடல. எவனாவது அங்க வேலை பாத்தானான்னு யோசிச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ஞாபகம் வராமலே இருந்திருக்கலாம்."

அவர் வீட்டுக்குப் போனபோது நீல உடை நாற்காலியில் இல்லை. அலமாரிக்குள் போயிருந்தது. அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் இவர், மூச்சு வாங்க.

"நேத்து காலையிலயே தெரியும். மருந்துக்கடைக் கதவுல ஒட்டியிருந்தாங்க. என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"அப்ப நீயே போய்ச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமையே நீங்க பாத்துட்டு வந்தீங்களே. வந்ததும் மெக்கானிக்கைப் பத்திக் கேட்டீங்க. நோட்டீஸைப் பாத்ததும் எல்லாம் புரிஞ்சிடுச்சு. சரி, கோபம் ஆறினதும் சொல்வாரு, கூட்டிட்டுப் போவாருன்னு நினைச்சேன். இன்னைக்கு நாலரை மணி வரைக்கும் பாத்தேன்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "அன்னைக்கு ரிசல்ட்டா?"

"நாலாவது பேரு. முப்பது பேர் எழுதினோம், ஆறு பேருக்குத்தான் இடம். அந்த ஆறுல நாலாவது." அக்கா ஒரு சட்டையைக் கழுத்தோடு நீவி மடித்தார். அது அவருடைய சட்டைதான். "அப்பத்தான் சிரிச்சிருக்கேன் போல. கேமராவெல்லாம் எனக்குத் தெரியாது. அப்புறம் நீங்க வந்து பாத்தீங்க, கல்யாணம் முடிவாச்சு. இந்த வருஷம் வேணாம், கடைக்கு ஆள் இல்ல, அடுத்த வருஷம் சேந்துக்கலாம்னு சொன்னீங்க."

அவருக்கு நினைவிருந்தது. அவர்தான் சொன்னார். அவர் அம்மா சொல்லவில்லை, அப்பா சொல்லவில்லை. பயிற்சிக்கூடத்தில் ஆண்களும் படித்தார்கள். அது அப்போதே அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காரணத்தை வெளியே சொல்லாமல் கடைக்கு ஆள் இல்லை என்று சொன்னார். அடுத்த வருஷம் அக்கா கர்ப்பமாக இருந்தார். அதற்கடுத்த வருஷம் யாரும் பேச்செடுக்கவில்லை.

"வா, இப்பப் போலாம்," என்றார். "அந்தம்மா இருப்பாங்க."

"ஆறு மணி ரயிலுக்குப் போறாங்கன்னு நோட்டீஸ்லயே போட்டிருந்துச்சு. நாற்காலி அடுக்கற நேரத்துல நான் போய் என்ன செய்ய?" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைப் போட்டு வதைத்தது.

திங்கட்கிழமை காலை அவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். நாலாக மடிந்த நோட்டீஸை என் கையில் கொடுத்து, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். நான் அவரைத் திட்டவேண்டியதையெல்லாம் திட்டினேன். மூன்று மாதம் கூப்பாடு போட்டு, ஒரு பெரிய மனுஷியை வரவழைத்து, நாற்காலியில் குடையை உட்கார வைத்தோமே என்று எனக்கு வயிறு எரிந்தது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு, "லேப்டாப்பை எடுத்துக்கிட்டு கடைக்கு வா," என்றார்.

கடையில் அக்கா இருந்தார். இவர் அவரை உள்ளறையில் நோயாளி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பலகைத் தட்டு அடித்திருந்தார். லேப்டாப்பை அதில் வைக்கச் சொன்னார்.

"புரியலையா? அவங்க புரட்டிப் போட்டாங்க. இங்க நேராயிடும்," என்றார்.

காட்சியைப் போட்டேன். எதிரே நிலைக்கண்ணாடியில் அந்தப் பெண் வந்தாள். மச்சம் வலது உதட்டோரம் இருந்தது. கம்பம் கதவுக்கு இடப்புறம் நின்றது. அவள் இடது பக்கம் பார்த்தாள், நின்றாள், சிரித்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் பார்த்த திசையிலேயே பார்த்தாள். அக்கா வெள்ளெழுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முன்னால் சாய்ந்து பார்த்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிக்கடைக்காரர் நின்றார். நிலைக்கண்ணாடியில் மூன்று முகமும் தெரிந்தன. அவர் திரையில் இருந்தவளைப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எண்ணவில்லை. பதினோரு விநாடி போனது. வரவில்லை.

"இன்னொரு தடவை போடுப்பா," என்றார் அக்கா.

போட்டேன். பார்த்தார். மூன்றாவது தடவையும் போட்டேன்.

"இப்பவும் பொறாமையா இருக்கா அண்ணே?" என்று சும்மா இருக்க முடியாமல் கேட்டுவைத்தேன்.

"இருக்கு," என்றார் அவர், ஒளிக்காமல். "ஒரு மரப்பலகையைப் பாத்துச் சிரிச்சிருக்கா. என்னைப் பாத்து இல்ல."

அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். நிலைமையைக் கொஞ்சம் இலகுவாக்கலாம் என்று நினைத்து, "அக்கா, ஒண்ணும் கெட்டுப்போகல. நாற்காலி உங்களுக்குத்தான். அடுத்த வருஷம் விழாவுல…" என்று ஆரம்பித்தேன்.

அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நிலைக்கண்ணாடிக்குள் தன் புருஷனைப் பார்த்தார். அவர் தலை தானாகக் குனிந்தது.

"அடுத்த வருஷம்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி," என்றார் அக்கா.